ஸ்கேனருக்கு ஒரு துபாஷி

எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கத்துச் சகோதரிகளுக்கு 2023 டிசம்பரை நினைவூட்ட வேண்டியதில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் புகுந்ததே! நனைந்த பாயை உலர்த்திக்கொள்ளலாம். எண்ணெய் ஊறிய பத்திரத்தை என்ன செய்வது? அடுத்த மழைக்கு முன் வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து பிரதி எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

அதற்குப் புது லாப்டாப் வேண்டாம். 2011 முதல் நம் மாநில அரசு மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்த லாப்டாப்களில் பல, ஸி-டாக் தயாரித்த 'பாஸ்' லினக்ஸோடு வந்தவை. யூனிக்ஸ் வம்சத்துப் பிள்ளை அது. "அதில் ஸ்கேனரைச் செருகினால் அசைய மாட்டேன் என்கிறதே!" என்கிறீர்களா? பதற்றம் வேண்டாம். மூன்று படிகளாகப் பாருங்கள்.

முதற்படி, கம்பி. ராயபுரத்துக் கடற்காற்று ஜன்னல் கம்பியையே அரிக்கிறது, யு.எஸ்.பி. முனையை விடுமா? பச்சை படிந்திருந்தால் வேறு கேபிள் போடுங்கள். ஹப்பில் செருகாமல் நேரே லாப்டாப்பில் செருகுங்கள். சில ஸ்கேனர்களின் அடியில் ஒரு பூட்டு உண்டு. அதைத் திறந்து விடுங்கள். பிறகு டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று சின்ன ஆங்கில எழுத்துக்களில் அடியுங்கள். வரும் வரிசையில் 04ஏ9 என்றிருந்தால் கானன், 04பி8 எப்ஸன், 03எஃப்0 எச்.பி. ஸ்கேனர் அதில் இல்லையென்றால் கோளாறு கம்பியிலோ, ஸ்கேனரிலோதான். எந்த ஸாஃப்ட்வேரைப் போட்டும் பயனில்லை.

இரண்டாவது, டிரைவர். அந்த நாளில் ஜார்ஜ் டவுனில் கம்பெனித் துரைக்கும் நம் வியாபாரிக்கும் நடுவே துபாஷி நின்றாரல்லவா? லாப்டாப்புக்கும் ஸ்கேனருக்கும் நடுவே அந்த உத்தியோகம் டிரைவருக்கு. லினக்ஸில் இந்தத் துபாஷிகளின் கூட்டத்துக்கு 'ஸேன்' என்று பெயர். 'ஸ்கேன்', 'இமேஜ்' இரண்டு வார்த்தைகளையும் ஒட்டி அடித்து, இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் பெரிய 'எல்'லும் போடுங்கள். ஸ்கேனரின் பெயர் வந்தால் துபாஷி தயார். வராவிட்டால் லினக்ஸைப் புதுப்பியுங்கள். பழைய துபாஷிக்குப் புது யந்திரத்தின் பாஷை தெரியாது. எச்.பி. யந்திரங்களுக்கு 'எச்.பி.லிப்' என்ற தனித் துபாஷி உண்டு.

மூன்றாவது, அனுமதி. முன்னால் 'சுடோ' சேர்த்தால் ஸ்கேனர் தெரிகிறது, சேர்க்காவிட்டால் தெரியவில்லை என்றால், யந்திரம் நல்லதே, உங்களுக்குத்தான் உரிமையில்லை. தினமும் 'சுடோ' போடாதீர்கள். அது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீரோச் சாவியைக் கொடுப்பது போல! உங்கள் பெயரை 'ஸ்கேனர்' குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்; பெரும்பாலும் சரியாகிவிடும்.

இனிமேல்தான் ஸ்கேனர் வாங்கப் போகிறீர்களா? ரிச்சி தெருவுக்குப் புறப்படுமுன் ஸேன் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எடுத்த பிரதியை ஒரு பென் டிரைவில் போட்டு, தண்ணீர் ஏறாத மேட்டிலிருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பிரதி அசலாகிவிடாது. ஆனால் பத்திர எண்ணும் தேதியும் கையிலிருந்தால், சார்-பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்டு நிற்கும்போது நீங்கள் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள்.