ஓடாத காருக்கும் வயதாகும்

உங்களில் சிலருடைய நோட்டுப் புத்தக அட்டையிலோ, வீட்டுச் சுவரிலோ ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் படம் இருக்கும். படத்தின் கீழே 400 குதிரைத்திறன், மணிக்கு 300 கிலோமீட்டர் என்று எண்கள் பளிச்சிடும். அந்தக் காரை ஒருவர் வாங்கி, ஒரு நாளும் ஓட்டாமல், துணி போட்டு மூடிப் பத்து ஆண்டுகள் கொட்டகையில் வைத்திருந்தால், அது புதுக் காரா, பழைய காரா? வகுப்பில் இதைக் கேட்டால், "ஓடவே இல்லையே சார், புதுக் கார்தான்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். பெரும் பணம் கொடுத்து இத்தகைய கார்களை வாங்குகிறவர்களும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். குறைந்த கிலோமீட்டர் ஓடிய காருக்கு அதிக விலை தருகிறார்கள். இது தவறான அளவுகோல் என்பது என் கருத்து. சில சமயம் உயிருக்கே உலை வைக்கும் அளவுகோல்.

முதலில் டயரைப் பார்ப்போம். ஒரு ரப்பர் பேண்டை எடுத்து வெயில் படும் ஜன்னலோரம் சில வாரங்கள் போட்டு வையுங்கள். யாரும் அதை இழுக்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. ஆயினும் பிறகு எடுத்து இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். ரப்பர் என்பது நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. 1839-இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதி பெறுவதைக் கண்டார். கந்தகம் அந்தச் சங்கிலிகளுக்கு இடையே பாலங்களாக அமைகிறது. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அந்த மூலக்கூறுகளைத் தாக்கியவண்ணம் இருக்கின்றன. சில இடங்களில் சங்கிலி அறுகிறது. சில இடங்களில் வேண்டாத புதுப் பாலங்கள் உண்டாகி, ரப்பர் இறுகிப் போகிறது.

இதைத் தடுக்க டயர் ரப்பரில் மெழுகும் வேறு சில வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போது இவை உள்ளிருந்து மெல்லக் கசிந்து, மேற்பரப்பில் ஒரு காப்புப் படலமாகப் படிகின்றன. நின்றுகொண்டே இருக்கும் டயருக்கு இந்த வசதியும் குறைவு!

ஸ்போர்ட்ஸ் காரின் டயர் வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்படுவது. சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அமுங்கிப் பதிந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். வளைவில் திரும்பும் காருக்குத் தேவையான மையநோக்கு விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அந்த விசை முழுவதையும் தர வேண்டியது, ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பர். அந்த ரப்பர் இறுகியிருந்தால்?

2013 நவம்பர் 30-ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சாண்டா கிளாரிட்டா என்னும் ஊரில், போர்ஷே கரேரா ஜி.டி. என்ற கார் விளக்குக் கம்பத்திலும் மரங்களிலும் மோதித் தீப்பிடித்தது. அதை ஓட்டிய நண்பருடன், நடிகர் பால் வாக்கரும் மாண்டார். கார்ப் பந்தயப் படங்களால் புகழ் பெற்றவர் அவர். 2014 மார்ச்சில் வெளியான விசாரணை முடிவு, அதிக வேகமே விபத்துக்குக் காரணம் என்றது. மணிக்கு 72 கிலோமீட்டர் மட்டுமே அனுமதிக்கப்பட்ட சாலையில் கார் 130 முதல் 150 கிலோமீட்டர் வேகத்தில் சென்றிருக்கிறது. இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் இன்னொன்றையும் விசாரணையாளர்கள் குறித்தார்கள். அந்த டயர்களுக்கு வயது ஒன்பது. அது காரின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கக்கூடும் என்றார்கள். குற்றம் வேகத்தினுடையதே, அதை நான் மறைக்கப் பார்க்கவில்லை. எனினும் அறுநூறு குதிரைத்திறனுக்கு மேல் உள்ள ஒரு காரில் ஒன்பது வயது டயர் எப்படித் தங்கியது என்ற கேள்வி என்னை விடுவதில்லை. டயரில் பட்டன் தேயவில்லை என்றால் அது நல்ல டயர் என்று கண் சொல்லிவிடுகிறது. நாமும் கண்ணை நம்பிவிடுகிறோம்.

டயரின் வயதை அறிவது கடினமே அல்ல. அதன் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 3519 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் செய்தது என்று பொருள்.

அடுத்தது பிரேக். 1500 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார் மணிக்கு 180 கிலோமீட்டரில், அதாவது விநாடிக்கு 50 மீட்டரில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள். 18,75,000 ஜூல் வரும். 30 டிகிரியில் உள்ள ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். நல்ல பிரேக் ஐந்தாறு விநாடியில் காரை நிறுத்திவிடும். அத்தனை ஆற்றலும் பெரும்பாலும் பிரேக் வட்டுகளிலும் கட்டைகளிலும் வெப்பமாகிறது. அதில் ஒரு பகுதி அருகிலுள்ள பிரேக் திரவத்தையும் சென்றடைகிறது.

பட்டறைகளில் இதைப் 'பிரேக் ஆயில்' என்பார்கள். உண்மையில் இது எண்ணெய் வகையே அல்ல. எண்ணெய் தண்ணீருடன் சேராது. இதுவோ காற்றின் ஈரத்தைத் தேடி உறிஞ்சும் திரவம். டாட் 4 என்னும் தர விதிப்படி, புதுத் திரவம் 230 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் இருக்க வேண்டும். நூற்றுக்கு 3.7 பங்கு தண்ணீர் சேர்ந்த நிலையில் அந்தத் தர விதி கேட்பது 155 டிகிரிதான். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மூடியின் இண்டு வழியாகவும் ரப்பர்க் குழாய்களின் வழியாகவும், கார் கொட்டகையில் உறங்கும்போதுகூட.

அப்படிப்பட்ட காரை ஒரு நாள் மலைச்சாலையில் வேகமாக இறக்கினால், சூடான பிரேக்கில் திரவம் கொதித்து ஆவிக் குமிழிகள் உண்டாகும். பாஸ்கல் விதியை நினைவுகூருங்கள். திரவம் அமுங்காது, ஆகவே கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே சக்கரத்தைச் சென்றடைகிறது. ஆவியோ அமுங்கும். மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்று பல தயாரிப்பாளர்கள் கூறுவது இதனால்தான். கிலோமீட்டர்க் கணக்கை அவர்கள் இங்கே கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள்.

"ஓட்டாவிட்டால் என்ன, ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் போதுமே" என்பார் ஒருவர். இது நன்மையைவிடத் தீமையே மிகுதியாகச் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. வேதியியல் ஆசிரியரைக் கேட்டுச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள். பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். சிறு பகுதி பிஸ்டன் ஓரமாகக் கீழிறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் நன்கு சூடானால் அந்த நீர் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் ஆயில் எங்கே சூடாகிறது? நீர் அங்கேயே தங்கி, அமிலங்களுடன் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். இருபது, முப்பது கிலோமீட்டர் சாலையில் ஓட்டிவிட்டு வருவதே சரி. அதிலும் முதல் சில கிலோமீட்டர் நிதானமாக.

ஆயில் அளவைப் பார்ப்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரணக் காரில் எஞ்சினை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, குச்சியை எடுத்துப் பார்ப்பார்கள். 1998 வரை வந்த, காற்றால் குளிர்விக்கப்படும் போர்ஷே 911 கார்களில், சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆயில் தனித் தொட்டியில் இருப்பதே காரணம். எஞ்சின் நின்ற பிறகு அது மெல்ல எஞ்சினுக்குள் வடிந்துவிடும். குச்சியில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அறியாதவர் பதறி மேலும் ஊற்றுவார். மிகுந்த ஆயில் காற்று உள்ளிழுக்கும் பாதையில் புகுந்து, கார் ஊரெல்லாம் புகை கக்கும்.

இத்தாலியின் மாரனெல்லோவில் செய்யப்படும் ஃபெராரி கார்களில், 1994-இல் வந்த எஃப் 355 புகழ் பெற்றது. அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 8500 சுற்று வரை சுழலும். அந்த வேகத்தில் ஒவ்வொரு பிஸ்டனும், புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் சுமார் 3000 மடங்கு முடுக்கத்துடன் மேலும் கீழும் திரும்புகிறது. வால்வுகள் அதற்கு இசைய, தப்பாமல் திறந்து மூட வேண்டும். இந்த ஒழுங்கைக் காப்பவை ரப்பர் கலந்த பல் பெல்ட்டுகள். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். மீண்டும் ரப்பர், ஆகவே மீண்டும் நாட்காட்டிக் கணக்கு! ஓடினாலும் ஓடாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அவற்றை மாற்றியாக வேண்டும். எஃப் 355-இல் அதற்கு எஞ்சினையே காரிலிருந்து கீழே இறக்க வேண்டும். செலவுக்கு அஞ்சிச் சிலர் தள்ளிப் போடுவார்கள். தள்ளிப் போடத் தூண்டும் அமைப்பை நல்ல வடிவமைப்பு என்று நான் ஒப்பமாட்டேன், அந்தக் கார் எவ்வளவு அழகானதாக இருந்தாலும்.

1999-இல் வந்த ஃபெராரி 360 மொடேனாவில் இதற்கு வழி செய்தார்கள். இருக்கைகளுக்குப் பின்னே உள்ள ஒரு பலகையைக் கழற்றினால், எஞ்சினை இறக்காமலே பெல்ட்டை எட்டிவிடலாம். அந்தக் காரின் 400 குதிரைத்திறனைப் பாராட்டாதவர் இல்லை. நான் மதிப்பெண் போடுவதானால் அந்தப் பலகைக்குத்தான் முதலில் போடுவேன். சுவரில் ஒட்டும் படங்களில் அது தெரிவதில்லை.