சார்ஜரில் வீணாகும் யூனிட், எண்ணூரில் சாம்பல்!

வடசென்னை சொந்தங்களே!

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. புகை இல்லை. சக்கர நாற்காலியோடு ஏறலாம். மனதார வரவேற்கிறோம். சென்னைக்கு 625 பேருந்துகள் திட்டமிடப்பட்டன.

ஆனா ஒரு கேள்வி. புகை நம்ம தெருவை விட்டுப் போச்சு. நம்ம ஊரை விட்டுப் போச்சா?

கம்பியில் வருவது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி. ஒன்றை இன்னொன்றாக மாற்றுவது சார்ஜருக்குள் இருக்கும் கன்வெர்ட்டர். மாற்றும்போது ஒரு பங்கு வெறும் சூடாகப் போய்விடும். நல்ல கன்வெர்ட்டரில் 100 யூனிட்டுக்கு 4 போகும். சுமாரானதில் 8 போகும்.

'நாலு யூனிட்தானே'ன்னு விட்டுடாதீங்க. ஒரு பேருந்து பேட்டரியில் தினம் 200 யூனிட் ஏறுதுன்னு வெச்சுக்குவோம். 120 பேருந்துக்கு வருஷத்தில் இந்த வித்தியாசம் மட்டும் சுமார் 4 லட்சம் யூனிட். 625 பேருந்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும்.

அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரியணும். பேருந்துகள் பெரும்பாலும் நிற்பது ராத்திரியில். அப்போ சூரிய மின்சாரம் கிடையாது. அத்திப்பட்டில் நிலக்கரி எரியுது, கொசஸ்தலை ஆற்றோரம் சாம்பல் சேருது. அதைச் சுவாசிப்பது யார்? வலையில் சாம்பல் அள்ளுவது யார்?

தீர்வு இருக்கு. சிலிக்கான் கார்பைடு சில்லுகள் போட்ட கன்வெர்ட்டர்களில் இழப்பு குறைவு. இன்னொன்றும் கவனிக்கணும்: பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டினா சார்ஜர் வேகத்தைக் குறைக்கும். முழு வேகத்தில் நல்லா இருக்கும் சார்ஜர், குறைந்த வேகத்தில் அதிகம் வீணாக்கலாம். சின்னச் சின்ன மாட்யூல்களாகச் செய்து, தேவையானதை மட்டும் ஓடவிட்டால் அதையும் தடுக்கலாம்.

நம் கோரிக்கைகள்:

1. டெண்டரில் சார்ஜரின் விலையை மட்டும் பார்க்கக் கூடாது. அதன் ஆயுள் முழுக்க வீணாகும் மின்சாரத்தின் விலையையும் சேர்க்க வேண்டும். முழுச் சுமை, பாதிச் சுமை, கால் சுமை மூன்றிலும் திறனை அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.

2. நம்ம கடற்கரை வெயிலையும் உப்புக்காற்றையும் தாங்குமா என்று சோதித்த பிறகே வாங்க வேண்டும்.

3. ஒவ்வொரு பணிமனையிலும் மீட்டரில் ஓடிய யூனிட் எவ்வளவு, பேட்டரிக்குப் போன யூனிட் எவ்வளவு என்று மாதாமாதம் வெளியிட வேண்டும்.

4. எண்ணூர் அசோக் லேலண்ட் தொடங்கி, தலைமுறைகளாக வண்டி செய்த கைகள் நம்முடையவை. வடசென்னை ஐடிஐ, பாலிடெக்னிக் பிள்ளைகளுக்குச் சார்ஜர் தயாரிப்பிலும் பழுதுபார்ப்பிலும் பயிற்சியும் வேலையும் வேண்டும்.

மின்சாரப் பேருந்து ஊருக்கே சுத்தமான காற்றைத் தரட்டும். அதுக்கான சாம்பலை வடசென்னை மட்டும் சுமக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை.

பகிருங்கள். கேள்வி கேளுங்கள்.

#வடசென்னை #எண்ணூர் #மின்சாரப்பேருந்து