வேடந்தாங்கலுக்கு ஒரு எட்டு: தலைமை வனஉயிரினக் காப்பாளருக்குத் திறந்த மடல்

பெறுநர்: தலைமை வனஉயிரினக் காப்பாளர் அவர்கள், தமிழ்நாடு வனத்துறை, சென்னை.

பொருள்: முன்னேற்பாடு இல்லாமல் காலையில் வந்து மாலையில் திரும்புவோருக்காக, வேடந்தாங்கல் ஏரியின் நிலவரத்தை அன்றாடம் அறிவிப்பது தொடர்பாக.

சென்னையிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில், செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில் இருக்கிறது வேடந்தாங்கல். ஜி.எஸ்.டி. சாலையில் போய்ப் படாளம் கூட்டு ரோட்டில் திரும்பினால், வயல்களுக்கு நடுவே செல்லும் சாலை ஏரிக்கரையில் கொண்டுபோய் விடும். முதுமலைக்கோ ஆனைமலைக்கோ போவதென்றால் விடுப்பு வேண்டும், தங்க அறை வேண்டும், சஃபாரி வண்டியில் இடம் வேண்டும். வேடந்தாங்கலுக்கு இதெல்லாம் தேவையில்லை. சனிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது “காலையில ஒரு எட்டு போயிட்டு வந்துடலாமா?” என்று யாராவது கேட்டு, விடிவதற்குள் இட்லிப் பொட்டலத்தோடு கிளம்பிவிடும் குடும்பங்கள் இங்கே ஏராளம். தலைநகரத்துக்காரர்கள் திட்டமிடாமல் போய்க் காட்டுயிரைப் பார்த்துத் திரும்பக்கூடிய இடங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். அவற்றில் இது முதன்மையானது.

அப்படி வருகிறவர்களில் ஒரு பகுதியினர் ஏமாந்து திரும்புகிறார்கள் என்பதே இந்த மடலுக்குக் காரணம். பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வருகிறது. அந்நேரம் குஞ்சுகள் வளர்ந்து, ஏரி வற்றி, பறவைகள் கிளம்பிக்கொண்டிருக்கும். ஜூனில் வருகிறவருக்குப் பல ஆண்டுகளில் காணக் கிடைப்பது வெடித்த சேறும், மேயும் மாடுகளும், வெறும் மரங்களும்தான். குற்றம் வந்தவர்மேல் இல்லை. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஏரியில் என்ன இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது தண்ணீர். சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள இந்த ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்களும் கருவேல மரங்களும் நிற்கின்றன. வடகிழக்குப் பருவமழை பெய்து, மேலே உள்ள ஏரிகளின் உபரிநீரும் வந்து சேர்ந்ததும் அந்த மரங்கள் இடுப்பளவு மூழ்கிவிடும். அதற்குப் பிறகுதான் பறவைகள் கூடு கட்டத் தொடங்கும். மரத்தைச் சுற்றி நிற்கும் நீர் கோட்டைக்கு அகழி போல. நரியும் பூனையும் கூட்டை நெருங்க முடியாது. நீர் எட்டாத மரம் எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் பெரிய பறவைகள் அதை நம்பிக் குடும்பம் நடத்துவதில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் பொய்த்தது. அப்படிப்பட்ட ஆண்டுகளில் நாட்காட்டியைப் பார்த்து “டிசம்பர் வந்துவிட்டது, பறவையும் வந்திருக்கும்” என்று கிளம்புவதில் பயனில்லை. மழை முந்தினால் பருவம் முந்தும், பிந்தினால் பிந்தும். “நவம்பர் முதல் மார்ச் வரை” என்று எல்லாச் சுற்றுலாக் கையேடுகளிலும் அச்சாகியிருக்கும் வரி பொதுவாகச் சரியானதுதான். ஆனால் குறிப்பிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பருவம் கூடிவரும்போது இங்கே நடப்பது சாதாரணக் காட்சியல்ல. நத்தைகுத்தி நாரை, சங்குவளை நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, சாம்பல் நாரை என்று பலவகைப் பறவைகள் ஒரே மரத்தை மாடி மாடியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. இவை சைபீரியாவிலிருந்து வருகின்றன என்று கரையில் நிற்கும் அப்பாக்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். உண்மை வேறு. கூடு கட்டும் இந்தப் பறவைகள் எல்லாமே இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தவை. தண்ணீரும் இரையும் இருக்கும் இடம் பார்த்து ஏரிக்கு ஏரி நகர்பவை. இங்கே பொரிக்கும் குஞ்சுக்குப் பிறந்த ஊர் வேடந்தாங்கல்தான். வடக்கே நெடுந்தொலைவிலிருந்து குளிருக்கு வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்றவை. அவை நீர்ப்பரப்பில் மிதந்து காலம் கழித்துவிட்டுத் திரும்பிவிடும். இங்கே முட்டையிடுவதில்லை. இந்த ஒரு செய்தியைக் கரையில் கண்ணில் படும்படி எழுதிவைத்தாலே பல குடும்பங்களின் பொது அறிவு திருந்தும்.

எந்த மாதம் என்பதைப் போலவே எந்த மணி என்பதும் முக்கியம். நடுப்பகலில் வருகிறவருக்கு வெயிலில் கூசும் கண்ணும், கூட்டில் அசையாமல் நிற்கும் பறவைகளும்தான் மிச்சம். அந்த வேளையிலும் ஒன்று மட்டும் பார்க்கத் தக்கது. சங்குவளை நாரை சிறகை அரைவட்டமாக விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கும். வெயில் நகர நகரத் தானும் திரும்பிக்கொள்ளும். காலை எட்டு மணிக்குள்ளும், மாலை நான்கு மணிக்கு மேலும் ஏரி வேறு இடமாகிவிடுகிறது. இரைதேடப் போன பறவைகள் வரிசை வரிசையாக இறங்கும். நத்தைகுத்தி நாரை கூட்டில் வந்து நின்றதும் குஞ்சுகள் கழுத்தை ஆட்டிக் கத்த, அது வயல்களில் பொறுக்கிய நத்தைச் சதையைக் கக்கிப் போடும். பெரிய நாரையின் அலகுகளுக்கு இடையே தெரியும் இடைவெளி குஞ்சின் அலகில் இருக்காது. வளர வளரத்தான் அது உண்டாகிறது. பைனாகுலர் இருந்தால் இதைக் கரையிலிருந்தே சரிபார்க்கலாம். கைப்பேசிக் கேமராவை மட்டும் நம்பி வந்தவருக்குப் பச்சை மரத்தில் வெள்ளைப் புள்ளிகளே கிடைக்கும். எல்லாம் அடங்கும் நேரத்தில், பகலெல்லாம் இலைமறைவில் இருந்த வக்காக்கள் ராத்திரி வேட்டைக்குக் கிளம்பும். பெரும்பாலான வண்டிகள் அதற்குள் படாளம் தாண்டியிருக்கும்.

இந்த ஏரியைக் காப்பாற்றியவர்கள் ஊர்க்காரர்கள் என்பது தங்கள் துறை நன்கறிந்த வரலாறு. பறவைகளைச் சுட வந்த ஆங்கிலேயச் சிப்பாய்களைப் பற்றி அவர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு ஆணை பெற்றது 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில். 1858-இல் அந்த உரிமை மறுபடி எழுத்தில் உறுதிசெய்யப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் கண்கூடாக அறிந்திருந்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. 1998 அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ள நிலமெல்லாம் சரணாலயம். 2020-இல் அந்த எல்லைக்குள் பாதுகாப்பைத் தளர்த்தும் யோசனை எழுந்தபோது பலத்த எதிர்ப்பு கிளம்பியதற்குக் காரணம் வெறும் உணர்ச்சியல்ல. பறவை தூங்குவது ஏரியில் என்றாலும் சாப்பிடுவது சுற்றுவட்டார வயல்களிலும் குளங்களிலும்தான். 2022-இல் வேடந்தாங்கல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் சேர்ந்தது.

இவ்வளவு பெருமையுள்ள ஏரியின் இன்றைய நிலவரம் மட்டும் வெளியே வருவதில்லை. செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் ஏரிகளின் நீர் இருப்பு அன்றாடம் வெளியாகிறது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் வராத காலைச் செய்தி கிடையாது. அந்தப் பழக்கத்தை 30 ஹெக்டேர் ஏரி ஒன்றுக்கும் நீட்டுவது பெரிய காரியமல்ல. காலையில் கரையைச் சுற்றிவரும் வனக் காவலருக்கு ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது, எந்தெந்தப் பறவை கூட்டில் உட்கார்ந்துவிட்டது, குஞ்சு பொரித்துவிட்டதா என்பதெல்லாம் தெரியும். அவர் அறிந்ததை நான்கு வரியில் எழுதினால் போதும். அந்த நான்கு வரி மூன்று இடங்களில் இருக்க வேண்டும்: துறையின் இணையப் பக்கத்தில், அழைத்தால் பதிவுக் குரலில் பதில் சொல்லும் ஒரு தொலைபேசி எண்ணில், படாளம் கூட்டு ரோட்டில் ஒரு கரும்பலகையில். கரும்பலகைதான் இவற்றில் மிக முக்கியம். திட்டமிடாமல் கிளம்பியவர் இணையத்தைப் பார்த்திருக்க மாட்டார். திருப்பத்தில் நிற்கும் பலகையைப் பார்க்காமல் அவர் போக முடியாது.

பலகையில் நல்ல செய்தி மட்டும் எழுதும் ஆசை வரும். அதைத் தவிர்க்க வேண்டும். “இன்று ஏரியில் நீர் இல்லை, கூடுகள் இல்லை” என்று எழுதிய பலகையைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர், நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு ஏமாந்தவரைவிட அடுத்த பருவத்தில் திரும்ப வருவதற்கு வாய்ப்பு அதிகம். வருமானக் கணக்கில்கூட இது நட்டமாகாது.

இப்படி அறிவித்தால் கூட்டம் பெருகிப் பறவைகளுக்குத் தொல்லையாகும் என்ற தயக்கம் நியாயமானதே. ஆனால் கூட்டம் இப்போதே பொங்கல் விடுமுறையில், குறிப்பாகக் காணும் பொங்கலன்று, ஒரே கரையில் வந்து நெருக்குகிறது. அது பறவை நிறைந்திருப்பதால் கூடிய கூட்டம் என்பதைவிட, விடுமுறை என்பதால் கூடிய கூட்டம். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையிலும் அதே குஞ்சுகள் அதே கூட்டில் கத்திக்கொண்டிருக்கும் என்று தெரிந்தால், வர முடிந்தவர்கள் அன்றைக்கு வருவார்கள். செய்தி கூட்டத்தை நாட்களுக்கும் நேரங்களுக்கும் பிரித்துவிடும். கரை தாங்காத அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்ட நாளில் அதையும் அதே பலகையில் எழுதலாம். ஒலிபெருக்கி, டிரோன், கூச்சல் ஆகியவற்றுக்கான தடை வாசலில் மட்டும் இருந்தால் போதாது. அதையும் படாளத்திலேயே சொல்லிவிட்டால், பாட்டு போட்டுக்கொண்டு வரும் வேன்கள் வழியிலேயே அடங்கும்.

மாற்று இடம் சொல்வதும் அறிவிப்பின் வேலையே. வேடந்தாங்கலுக்குப் பக்கத்திலுள்ள கரிக்கிலியில் ஆழம் குறைந்த ஏரிகள் இருக்கின்றன. 2022-இல் அதுவும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. வாத்துகளையும், சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகளையும் பார்க்க விரும்புகிறவருக்கு அது பல நாட்களில் வேடந்தாங்கலைவிடப் பொருத்தம். ஆனால் மரம் நிறையக் கூடுகளை எதிர்பார்த்து வரும் குடும்பத்தை அங்கே அனுப்பக் கூடாது. எங்கே எதைப் பார்க்கலாம் என்று பிரித்துச் சொல்வது அவசியம். சென்னைக்குள்ளேயே பள்ளிக்கரணை சதுப்புநிலம் இருப்பதை, 80 கிலோமீட்டர் ஓட்டிவந்து ஏமாந்த பிறகு ஒருவர் தெரிந்துகொள்வது வேடிக்கைதான்.

இதற்குப் புதிய பணியிடமோ பெரிய நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பைத் தங்கள் துறை ஏற்கெனவே நடத்தி வருகிறது. பொங்கல் நாட்களில் தமிழகம் முழுவதும் தன்னார்வலர்களும் தங்கள் பங்குக்குப் பறவைகளை எண்ணிப் பதிவேற்றுகிறார்கள். அவர்களில் மதுராந்தகம், செங்கல்பட்டுப் பகுதியில் உள்ளவர்களைக் காவலர்களோடு சேர்த்துவிட்டால், பறவைப் பெயர்கள் பிழையின்றித் தமிழில் பலகைக்கு வரும். வரும் பருவமழை தொடங்கும் அக்டோபரிலேயே முதல் பலகையை வைத்துவிடுவது நல்லது. ஏரி நிரம்பும் வாரங்களில் தினமும் உயரும் நீர்மட்டத்தை எழுதி வந்தால், நவம்பரில் முதல் கூடு தெரியும்போது அந்தச் செய்திக்காக மக்கள் ஏற்கெனவே காத்திருப்பார்கள். ஏரி வற்றத் தொடங்கும் நாள்வரை அது தொடர வேண்டும். கடைசியாக எழுதவேண்டிய வரி, “இந்தப் பருவம் முடிந்தது, அடுத்த மழைக்குப் பின் வருக” என்பதாக இருக்கலாம்.