தகுதியை அளப்பவர் யார்?

கணினி நிரலைக் கணினியே ஆக்கும் முறைகளுள் ஒன்று மரபணு நிரலாக்கம். ஜான் கோசா 1992இல் வெளியிட்ட நூலால் இது பரவலாக அறியப்பட்டது. மர வடிவிலான நிரல்கள் முதலில் தற்செயல் முறையில் ஆக்கப்படுகின்றன. சோதனையில் மேம்பட்டவை தம்முள் கிளைகளை மாற்றிக்கொண்டு அடுத்த தலைமுறையைத் தருகின்றன.

இதனைத் 'தானியங்கி' என்பது பாதி உண்மையே. எது தகுதியுடையது என்னும் அளவுகோலை வகுப்பவர் மனிதரே. கார்ல் சிம்ஸ் 1994இல் இவ்வழியில் கணினிக்குள் செயற்கை உயிர்களைப் படைத்தார். அவை நடவாமல், சாய்ந்து விழுந்தே வேகம் காட்டிவிடாதபடி தனியே தடுக்க வேண்டியிருந்தது. அளவுகோல் கேட்டது வேகம், நடையை அன்று.

தமிழ்ச் சொற்பிரிப்பு நிரலை இம்முறையில் ஆக்குவதாகக் கொள்வோம். பொதுமொழிக்குச் சான்றாக இலக்கண உரைகள் காட்டும் 'வேங்கை' தனிமொழியாயின் புலி அல்லது மரம். தொடர்மொழியாயின் வேம் + கை. சோதனைப் பட்டியலில் புலி மட்டுமே இருப்பின், அச்சொல்லை ஒருபோதும் பிரிக்காத நிரல் முழு மதிப்பெண் பெறும். அதன் வழித்தோன்றல்களே பெருகும். பின்னர் அப்பிழையைத் தேடிக் களைவது எளிதன்று. இவ்வாறு உருவாகும் நிரல்கள் பயனற்ற கிளைகளால் பருத்து, படிப்போர்க்குப் பிடிபடாதவை ஆகிவிடுகின்றன.

எனவே, அப்பட்டியலை வகுப்பது இலக்கணம் கற்றார் கடமை. கருவி முடிந்தபின் பிழை சுட்டும் பணியோடு நாம் நின்றுவிடுகிறோம். நிகண்டுத் தொகுப்பைப் புலமையாகப் போற்றும் நாம், இத்தொகுப்பை மட்டும் தொழில்நுட்பரின் எடுபிடி வேலையாகக் கருதுவது முறையன்று. பொதுமொழிகளைச் சூழலோடு தொகுத்து, ஒவ்வொரு பிரிப்பிற்கும் விதி காட்டும் சான்றுத் தொகுதியை முனைவர் பட்ட ஆய்வேடாகவே தமிழ்த்துறைகள் ஏற்றல் வேண்டும்.