நிற்கும் நிறமும் நிற்காத நகமும்

"எத்தனை நாள் நிற்கும்?"

அழகு நிலையத்து நாற்காலியில் கையை நீட்டிய மாத்திரத்தில் நம் பெண்மணிகள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெரும்பாலும் அதுவே கடைசிக் கேள்வியாகவும் இருந்துவிடுகிறது. சாதாரண நகப்பூச்சு நாலைந்து நாள். ஜெல் பூச்சு இரண்டு வாரம். பொடியில் தோய்த்து எடுப்பது அதற்கும் மேல். நாள் ஏற ஏறப் பணமும் ஏறுகிறது. அதிக நாள் நிற்பதே உயர்ந்த சரக்கு என்று கடைக்காரர் சொல்கிறார்; வாங்குகிறவரும் நம்புகிறார். இந்த நம்பிக்கையோடுதான் எனக்குச் சண்டை.

அலங்காரத்தோடு எனக்குச் சண்டை இல்லை. நகத்துக்குச் சாயம் பூசியதால் நாகரிகம் சீரழிந்தது என்று முழங்குகிறவர்களின் பாட்டிமார்களும் மருதாணி அரைத்து விரல் நுனியில் தொப்பி வைத்துக்கொண்டவர்கள்தாம். அந்தச் சிவப்பு, நகம் வளர்ந்து வெளியேறும் வரை போகாது. நீடித்த நிறத்தின் மேல் ஆசை நமக்குப் புதிதல்ல. ஆனால் மருதாணியை யாரும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சாதாரணப் பூச்சு காய்கிறது; அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போகிறது. ஜெல் காய்வதில்லை, இறுகுகிறது. அதிலுள்ள அக்ரிலேட் இனத்து மூலக்கூறுகள் புற ஊதா விளக்கின் ஒளியில் ஒன்றோடொன்று கைகோத்துப் பிளாஸ்டிக் ஓடாகிவிடுகின்றன. நிற்பதற்கு எது காரணமோ, அதுவேதான் போகாமைக்கும் காரணம். பத்துப் பதினைந்து நிமிஷம் அசிட்டோனில் ஊற வைத்து நீக்க வேண்டும். பொறுமையில்லாமல் பிய்த்தால் நகத்தின் மேல்படலமும் கூடவே வரும். விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. முழு நகமும் புதிதாக வர ஆறு மாதம் ஆகும். இரண்டு வார அழகுக்கு ஆறு மாதக் கடன்!

"பல வருஷமாகப் போட்டுக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பார்கள். மெய்தான், பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சரியாக இறுகாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒரு நாள் ஒவ்வாமை பிறந்துவிட்டால், அது பெரும்பாலும் ஆயுளுக்கும் விடாது. பிற்காலத்தில் பல் வைத்தியர் அதே இனத்துப் பொருளால் பல்லை அடைக்கும்போதுகூடத் தொல்லை தரலாம். ஹீமா என்ற பொருள் சேர்ந்த நகப்பூச்சுகளைத் தொழில் தெரிந்தவர்களே கையாள வேண்டும், ஒவ்வாமை எச்சரிக்கையை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் விதித்தது. ஜெல்லை இறுகச் செய்யும் டி.பி.ஓ. என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருள்களில் அடியோடு தடை செய்தது. மிருகங்களிடம் நடந்த சோதனைகளில் இனப்பெருக்கத்துக்குக் கேடு தெரிந்ததே காரணம். உங்கள் விரலில் ஏறும் குப்பியில் அது இருக்கிறதா? கேட்டதுண்டா?

இன்னொருத்தியையும் மறந்துவிடுகிறோம். நீங்கள் மாதம் ஒரு முறை முகரும் அசிட்டோனை, எதிரே குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண் நாள் முழுவதும் முகர்கிறாள். குளிர்சாதனத்துக்காக ஜன்னலைச் சாத்திய அறை அது. கையுறை இல்லையென்றால் ஒவ்வாமை முதலில் அவளைத்தான் தேடி வரும். உங்களுக்குப் போவது நகம். அவளுக்குப் போவது பிழைப்பு.

ஆகவே கேள்வியை மாற்றுங்கள். "எப்படி எடுப்பீர்கள்?" என்று முதலில் கேளுங்கள். பிய்த்துச் சுரண்டித்தான் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். குப்பியின் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஜெல்லுக்கு அதைச் செய்த கம்பெனி சொன்ன விளக்குதானா என்று விசாரியுங்கள். அந்தப் பெண்ணின் கையில் உறை இருக்கிறதா, அறையில் காற்றுக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். நேர்மையாகப் பதில் சொல்லும் கடையில் தாராளமாக ஜெல் போட்டுக்கொள்ளுங்கள். பதில் இல்லாத கடையில் நாலு நாள் பூச்சே மேல். முகூர்த்தம் முடிந்து பந்தி எழுவதற்குள் அது உதிர்ந்து போய்விடாது.