தொழில் வரியா, ஏழைத் தண்டமா?

நம் நாட்டில் வரியைப் பற்றிப் பேச வருகின்றவர்களில் பெரும்பாலோர் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள். அதாவது, வரி கொடுப்பவர்களெல்லாம் பணக்காரர்களும் பெரிய சம்பளக்காரர்களுமாம். அதை உட்கார்ந்து தின்பவர்கள் ஏழைகளாம். இதைக் கேட்டுக் கேட்டு ஏழையே நம்பிவிடுகிறான். ஆகவே, ஒரு சிறு வரியை எடுத்துக்கொண்டு, காகிதமும் பென்சிலுமாய் உட்கார்ந்து இதன் யோக்கியதையைப் பார்ப்போம்.

அது தொழில் வரி. தமிழ்நாட்டில் இதை வசூலிப்பவை கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டி, பஞ்சாயத்து முதலிய ஸ்தல ஸ்தாபனங்கள். சென்னை கார்ப்பரேஷன் 2024-இல் திருத்திய கணக்குப்படி, அரையாண்டு வருமானம் 21,000 ரூபாய் வரை வரி கிடையாது. அதற்குமேல் 30,000 வரை 180 ரூபாய். 45,000 வரை 425. 60,000 வரை 930. 75,000 வரை 1,025. அதற்கும் மேற்பட்டால் 1,250. எவ்வளவு மேற்பட்டாலும் அதே 1,250 தான்.

ஜவுளிக் கடையில் நாளெல்லாம் நின்றுகொண்டு மாதம் 13,000 ரூபாய் வாங்கும் ஒரு சிப்பந்தியை எடுத்துக்கொள்வோம். அவனுக்கு அரையாண்டு வருமானம் 78,000. ஆகவே ஆண்டுக்கு 2,500 ரூபாய் தொழில் வரி. மாதம் 10 லட்சம் வாங்கும் ஒரு கம்பெனி டைரக்டருக்கு எவ்வளவு? அவருக்கும் 2,500 தான்! சிப்பந்திக்கு இது ஏறக்குறைய ஆறு நாள் சம்பளம். டைரக்டருக்கோ, அவர் தூங்குகிற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்கூட, இரண்டு மணி நேரச் சம்பளம் ஆகாது. வருமானத்தில் முன்னவன் கொடுப்பது நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல். பின்னவர் கொடுப்பது நூற்றுக்கு இரண்டு காசு. இதில் யார் யாரைச் சுமக்கிறார்கள் என்று கேட்கின்றோம்.

இன்னும் ஒரு வேடிக்கை. 2024-இல் வரியைக் கூட்டினார்களே, யாருக்குக் கூட்டினார்கள்? 135 ரூபாய் கொடுத்தவனுக்கு 180, 315 கொடுத்தவனுக்கு 425, 690 கொடுத்தவனுக்கு 930. 1,025-ம் 1,250-ம் கொடுத்தவர்களுக்கு ஒரு காசும் கூட்டவில்லை. அதாவது, வருமானம் குறைந்த மூன்று படிக்காரர்களின் மடியில்தான் கை போயிற்று.

ஏன் என்று கேட்டால், சட்டத்தைக் காட்டுகிறார்கள். அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவின்படி ஓர் ஆளிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக்கூடாது. 1950-இல் இவ்வரம்பு 250 ரூபாய். 1988-இல் அதை 2,500 ஆக்கினார்கள். பிறகு அரிசி விலை ஏறிற்று, வாடகை ஏறிற்று, டைரக்டர்களின் சம்பளம் எங்கேயோ ஏறிற்று. இவ்வரம்பு மாத்திரம் ஏறவில்லை. பதினான்காவது நிதிக் கமிஷன் இதை 12,000 ஆக்கலாம் என்றே சிபார்சு செய்தது. சிபார்சு ஏட்டோடு நின்றது.

சரி, மேலே இருப்பவர்களிடம் அதிகம் வாங்கத் தடை டில்லியில் இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். கீழே இருப்பவனிடம் இவ்வளவு வாங்கு என்று எந்தச் சட்டம் சொல்லுகிறது? 276-வது பிரிவு உச்சத்தைத்தான் சொல்லுகிறதே ஒழிய, எந்த வருமானத்திலிருந்து வாங்கவேண்டும் என்று சொல்லவில்லை. அதனால்தான் நமது சிப்பந்தி குடியிருக்கும் ஊர் மாறினால் வரியும் மாறிவிடுகிறது. கர்நாடகத்தில் 2023 ஏப்ரல் முதல் மாதம் 25,000 ரூபாய்க்குக் குறைந்த சம்பளக்காரருக்குத் தொழில் வரியே இல்லை. எனவே அவன் பெங்களூரில் இருந்தால் கொடுக்கவேண்டியது சூனியம். கொச்சியில் இருந்தால், கேரளம் 2024-இல் வைத்த கணக்குப்படி, ஆண்டுக்கு 1,500. பம்பாயில் இருந்தால் சென்னையைப் போலவே 2,500. ஆனால் அங்கே 25,000 வரை வாங்கும் பெண்களுக்கு விலக்கு உண்டு. டில்லியிலோ இவ்வரியே கிடையாது. அங்கே சிப்பந்தியும் தப்பினான், கோடீசுவரனும் தப்பினான்.

ஆகவே, "எந்த மாநிலத்தில் வரி குறைவு?" என்று கேட்பது பாதிக் கேள்விதான். "யாருக்குக் குறைவு?" என்பதே முழுக் கேள்வி.

"இப்படி விட்டுவிட்டால் தெருவிளக்குக்கும் சாக்கடைக்கும் பணம் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். பணம் இருக்கிறவனிடம் இருக்கிறது. 2022-இல் வீட்டு வரியை உயர்த்தியபோது, பழைய சென்னைப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு நூற்றுக்கு 50-ம், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டதற்கு நூற்றுக்கு 150-ம் கூட்டினார்கள். வாடகைக்காரன் தலையில் அதைச் சுமத்துகிற வீட்டுக்காரர்கள் உண்டு என்பது வேறு விஷயம். ஆனால், வசதிக்குத் தக்கபடி வரி போட சர்க்காருக்குத் தெரியாது என்று இனி ஒருவரும் சொல்ல முடியாது.

நிற்க, சிப்பந்தியின் சுமை இதோடு தீர்ந்ததா? மாநில சர்க்கார் பெட்ரோலுக்குப் போடும் வரி, 2021 ஆகஸ்டில் குறைத்த பிறகும், நூற்றுக்கு 13-ம் அதன்மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். வேலைக்குப் போக மாதம் 10 லிட்டர் போட்டால், அந்த 11 ரூபாய் 52 காசு மாத்திரமே ஆண்டில் 1,382 ரூபாய் ஆகிவிடுகிறது. பெட்ரோல் பங்கில் யாரும் சம்பளச் சீட்டைக் கேட்பதில்லை. டைரக்டருக்கும் லிட்டருக்கு அதே வரிதான். இத்தனையும் கொடுப்பவனைப் பார்த்து "வரி கொடுக்காதவன்" என்று சொல்ல ஒரு வாய் துணிகிறதென்றால், அது கணக்குத் தெரியாத வாயாகவோ, கணக்கை மறைக்கிற வாயாகவோதான் இருக்கவேண்டும்.

தோழர்களே! வரி என்பது தலையெழுத்தல்ல. மேலே சொன்ன ஒவ்வொரு எண்ணும் மனிதர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது. எழுதிய கையால் திருத்தவும் முடியும். நாம் கேட்பது இரண்டே. ஒன்று, மாதம் 25,000 வரை வாங்குபவனுக்குத் தமிழ்நாட்டிலும் தொழில் வரி கூடாது. இதற்கு டில்லியின் தயவு வேண்டியதில்லை. இரண்டு, 276-வது பிரிவின் உச்சவரம்பைப் பார்லிமெண்டு உயர்த்தி, வருமானத்திற்குத் தக்கபடி படி வைக்கவேண்டும். உங்கள் வட்டத்துக் கவுன்சிலரும் சட்டசபை அங்கத்தினரும் அடுத்த முறை வீட்டு வாசலுக்கு வரும்போது, மாலைக்குப் பதில் இந்தக் கணக்கை அவர்கள் கையில் கொடுத்துப் பதில் கேளுங்கள்.