மூடியைத் திறந்து வையுங்கள்

அம்மி கொத்துகிறவர் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு வந்த காலத்தை என் வயதுடையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அரைத்து அரைத்து வழவழத்துப்போன அம்மியையும் ஆட்டுரலையும் உளியால் கொத்தி மறுபடியும் சொரசொரப்பாக்கிவிட்டு அவர் போவார். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவரும், அரிவாள்மனைக்குச் சாணை பிடிக்கிறவரும் அவரவர் முறைப்படி வந்து போவார்கள். ஒரு வீட்டின் உபகரணங்கள் உழைக்க உழைக்கத் தேயும் என்பதையும், தேய்ந்ததைச் செப்பனிட வேண்டியது அந்த உழைப்பின் பலனை அனுபவிப்பவரின் கடமை என்பதையும், எந்தப் புத்தகத்தையும் படிக்காமல் அந்தக் குரல்களைக் கேட்டே நாம் அறிந்துகொண்டோம். இன்று அம்மி இருந்த வீடுகளில் மின் இயந்திரங்கள் வந்துவிட்டன. தெருவில் அந்தக் குரல்கள் இல்லை. குரல்களோடு அந்தக் கடமையுணர்ச்சியும் போய்விட்டதோ என்னும் விசாரமே என்னை இதை எழுதத் தூண்டியது.

விசாரத்துக்குக் காரணம் என் வீட்டிலேயே இருந்தது. ஏழு ஆண்டுகளாக ஓய்வின்றி உழைத்துவந்த, மேல்புறம் மூடி வைத்த சலவை இயந்திரம் சென்ற மழைக்காலத்தில் என் வெள்ளை வேட்டியின்மேல் கறுப்புப் பொருக்குகளை உதிர்க்கத் தொடங்கியது. துவைத்து உலர்ந்த துண்டிலும் முகம் துடைக்கும்போது ஒரு முடைநாற்றம் எழுந்தது. சோப்புத்தூளை மாற்றினோம், அளவைக் கூட்டினோம், வாசனைத் திரவம் சேர்த்தோம், நாற்றம் மிகுந்ததே தவிரக் குறையவில்லை. கடைசியில் மெக்கானிக் ஒருவர் வந்து, அடியில் சுழலும் தட்டைக் கழற்றி, துளைகள் நிறைந்த எஃகுத் தொட்டியை வெளியே தூக்கினார். உள்ளே கண்ணாடிபோல் பளபளத்த அதே தொட்டியின் வெளிப்புறத்தில், சுண்ணாம்புப் படிவும் சோப்புப் பிசுக்கும் நூல் தும்பும் பூஞ்சையும் ஒன்றாய்க் குழைந்து சேறுபோல அப்பியிருந்தன. "மிஷின்ல கோளாறு ஒண்ணும் இல்ல, சார். வாங்கினதுலேருந்து இதை யாரும் கழுவவே இல்ல, அவ்வளவுதான்" என்றார் அவர். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஆயினும் அது என் மனத்தை உறுத்தியது.

இவ்வகை இயந்திரத்தில் தொட்டிகள் இரண்டு: துணியைச் சுழற்றும் உள்தொட்டி ஒன்று, தண்ணீரைத் தாங்கி நிற்கும் வெளித்தொட்டி மற்றொன்று. நம் கண்ணுக்குத் தெரிவது உள்தொட்டியின் முகம் மட்டுமே; அழுக்கு தங்குவதோ இரண்டுக்கும் இடையிலுள்ள, கையும் கண்ணும் எட்டாத சந்தில். துணியிலிருந்து பிரிந்த உடலெண்ணெய், கரையாத சோப்பு, துணியை மிருதுவாக்கும் திரவத்தின் பிசுக்கு, நுண்ணிய நூலிழைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி கழிவுநீரோடு போனாலும், ஒவ்வொரு சலவையிலும் சிறிது அங்கே ஒட்டிக்கொள்கிறது. வேட்டி விறைப்பாக நிற்கவேண்டுமென்று கஞ்சிப்பசையையும் இயந்திரத்திலேயே ஊற்றுகிற வீடுகளில் பூஞ்சைக்கு விருந்து வைத்தாற்போல் ஆகிவிடுகிறது.

இதற்கு நம் ஆழ்துளைக் கிணற்று நீர் பெருந்துணை செய்கிறது. குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பதே நலம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் கூறுகிறது. 400 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள நீரை 100 லிட்டர் செலவிட்டு ஒரு முறை துவைத்தால், 40 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு அந்த இயந்திரத்தின் வழியே சென்றிருக்கும். அதில் மிகச் சிறு பங்கே படிந்தாலும், வாரத்துக்கு நான்கு சலவை வீதம் ஏழு ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதற்கு என் வீட்டுத் தொட்டியே பிரத்தியட்ச சாட்சி.

படிவு உண்டான இடத்தில் நுண்ணுயிர் குடியேறுகிறது. சரியாகத் துவைத்த துணியிலும் எழும் ஈரக்கந்தை நாற்றத்துக்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் பாக்டீரியா முக்கிய காரணமென்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2012-ல் எடுத்துக்காட்டினார்கள். உலர்த்தினாலும் புற ஊதாக் கதிர் பட்டாலும் எளிதில் மடியாத சுபாவம் அதற்கு உண்டு என்றும் அவர்கள் கண்டார்கள். ஆகவே, வெயிலில் காயப்போட்டால் எல்லாம் சரியாகும் என்ற நம் பழைய நம்பிக்கை இங்கே முழுவதும் கைகொடுப்பதில்லை. சோப்பைக் கூட்டுவதோ விபரீத வைத்தியம். அலசலில் நீங்காத மிகுதிச் சோப்பே அடுத்த படிவுக்கு மூலப்பொருளாகிறது.

பரிகாரம் கடினமானதன்று. துவைத்து முடிந்ததும் துணிகளை உடனே எடுத்துவிட்டு, மூடியைச் சில மணி நேரமாவது திறந்து வைத்து உள்ளே காற்றாட விடுவது முதற்காரியம். சிறு குழந்தைகள் நடமாடும் வீடானால் விரற்கடை இடைவெளி விட்டால் போதும். நூல் தும்பு சேரும் வலைப்பையை ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் உதறிக் கழுவ வேண்டும். சோப்புப் பெட்டியை வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்க்க வேண்டும். சட்டைப்பையில் காசும் ஊக்கும் இல்லையென்று பார்த்துவிட்டே துணியைப் போட வேண்டும்.

மாதம் ஒருமுறை, துணி எதுவும் இன்றி, நீர்மட்டத்தை உச்ச அளவில் வைத்து, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் கலந்து, அதில் கடைகளில் கிடைக்கும் டீஸ்கேலிங் பவுடரையோ 100 கிராம் எலுமிச்சை உப்பையோ கரைத்து, சற்று நேரம் சுழலவிட்டு, ஒரு மணி நேரம் ஊறவைத்து, பின்பு முழுச் சலவையும் இரண்டு அலசலும் ஓடவிட்டால், சுண்ணாம்பு இளகி நீரோடு போய்விடும். தொட்டியைச் சுத்தம் செய்வதற்கென்றே ஒரு பொத்தான் உள்ள இயந்திரங்களில் அதனையே பயன்படுத்தலாம். ஆனால் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: எலுமிச்சை உப்பு, வினிகர் போன்ற அமிலப் பொருள்களோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருநாளும் சேர்க்கலாகாது, சேர்த்தால் நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு எழும்.

ஆண்டுக்கு இருமுறை குழாயை அடைத்து, மின்செருகியையும் பிடுங்கிவிட்டு, நீர்வரும் ஹோஸைக் கழற்றினால், அதன் வாயில் ஒரு சிறு சல்லடை தென்படும். அதில் மணலும் துருவும் அடைத்துக்கொண்டு நீர் நூலாக வருவதையே பலர் இயந்திரத்தின் பழுதென்று எண்ணி மெக்கானிக்கை அழைக்கிறார்கள். நான்கு கால்களும் தரையில் சமமாக ஊன்றியிருக்கின்றனவா, அடிப்புறத்தில் எலி புகுந்து ஒயரைக் கடிக்காதபடி தகடோ வலையோ உண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

இவ்வளவும் யார் செய்வது என்ற கேள்வியிலேதான் என் முக்கிய அபிப்பிராயம் அடங்கியிருக்கிறது. துணி துவைக்கும் பாரம் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் தோளிலேயே கிடந்தது. இயந்திரம் வந்து அதை இறக்கியது என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த இயந்திரத்தைப் பேணும் வேலையையும் அவர்கள் தலையிலேயே சுமத்தினால், இறக்கிய பாரத்தில் ஒரு பகுதியைத் திரும்ப ஏற்றியவர்களாவோம். வேட்டி கட்டுகிறவன் அந்த வேட்டியை வெளுக்கும் கருவியைக் கழுவ வெட்கப்பட வேண்டியதில்லை. விற்பவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு: இயந்திரத்தைக் கொண்டுவந்து பொருத்துகிற நாளில், எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொடுப்பதோடு நில்லாமல், எதை எப்போது கழுவுவது என்பதையும் தெளிந்த தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் கொடுத்து, சல்லடையைக் கழற்றியும் காட்டிவிட்டுச் செல்ல வேண்டும்.

அம்மியின் தேய்வு அரைக்கிற கைக்கு அன்றன்றே தெரிந்தது. மூடிக்குள் இருக்கும் இந்த அழுக்கு, வேட்டியில் வந்து விழும்வரை யாருக்கும் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாததைக் கிரமமாகச் செய்வதற்கு ஞாபகசக்தி போதாது. ஒரு நாளைக் குறித்து வைப்பதே வழி. எங்கள் வீட்டுச் சுவரில், பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரில், முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றி இப்போது ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். தெருவில் யாரும் குரல் கொடுக்கப் போவதில்லையாதலால் அந்த வட்டமே எனக்குக் குரல். அன்று காலை வெந்நீர் போட்டு, எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றுவது என் வேலை.